தனியாகப் பிள்ளை வளர்க்கும் இளம் தாய்களுக்கு வீடு முதலா, வேலை முதலா?

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளை தொடங்கப்போகிறீர்கள். கைக்குழந்தையோடு தனியாக நிற்கும், இருபதை ஒட்டிய வயதுப் பெண்களுக்கு உதவுவது நோக்கம். ஒரு விடுதி கட்டி, அங்கேயே தையலும் கணினியும் கற்றுக்கொடுத்து, இரண்டு வருடத்தில் சொந்தக் காலில் நிற்கவைத்து வெளியே அனுப்பலாம் என்று திட்டம் போட்டு, இது சரிவருமா என்று கேட்கிறீர்கள்.

நோக்கத்தில் குறை இல்லை. வரிசையில்தான் சிக்கல். ‘முதலில் தங்க ஓர் இடம், அங்கே பயிற்சி, அப்புறம் வேலை, கடைசியில் சொந்தமாக ஒரு வாடகை வீடு’ என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பாதை. இதில் வீடு கடைசிப் பரிசாகப் போய்விடுகிறது. நான் அதை முதலில் வைக்கச் சொல்வேன்.

விடுதியில் இருப்பவளுக்கு அது வீடு இல்லை. இரவு எட்டு மணிக்குக் கதவு மூடும் என்றால் மாலை நேர வேலைக்குப் போக முடியாது. யார் வந்து பார்க்கலாம், குழந்தை எப்போது தூங்க வேண்டும், சமையலறையை எப்போது பயன்படுத்தலாம் என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவுசெய்கிறார்கள். இருபது வயதில் ஒரு குடும்பத்தைத் தனியாக நடத்தப் பழக வேண்டியவள், அனுமதி கேட்கப் பழகுகிறாள். இரண்டு வருடக் கெடு முடிந்து வெளியே வரும்போது அவள் முன்னால் நிற்பவை அதே பழைய தடைகள்தான்: முன்பணம், சம்பளச் சான்று, தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்கத் தயங்கும் உரிமையாளர். எப்படியும் தாண்டியாக வேண்டிய தடையை, நீங்கள் பக்கத்தில் இருக்கும் முதல் மாதத்திலேயே தாண்டிவிடலாமே.

இதை வெறும் கருத்தாகச் சொல்லவில்லை. அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை, ‘ஃபேமிலி ஆப்ஷன்ஸ்’ என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. 2010 முதல் 2012 வரை, 12 ஊர்களின் அவசரக் காப்பகங்களில் இருந்த 2,282 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் காலக்கெடு இல்லாத வாடகை உதவி. இன்னொரு பிரிவுக்குச் சில மாத வாடகை உதவி. மூன்றாவது பிரிவுக்கு, நீங்கள் நினைப்பதைப் போலவே, ஆலோசனையும் பயிற்சியும் சேர்ந்த இடைக்கால விடுதி. நான்காவது பிரிவுக்குத் தனி ஏற்பாடு எதுவும் இல்லை, வழக்கமாகக் கிடைப்பது மட்டும். இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஓரிரு குழந்தைகளோடு தனியாக இருந்த பெண்களுடையவை.

மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், நீண்டகால வாடகை உதவி பெற்றவர்கள் மறுபடி வீடிழப்பதும், பிறர் வீட்டில் ஒண்டிக்கொள்வதும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறொன்று. வாடகைக்கு மட்டுமே உதவியிருக்கிறார்கள், வேறு சேவை எதையும் சேர்க்கவில்லை. அப்படியிருந்தும் முதல் இருபது மாதத்துக்குள் குழந்தைகள் தாயைப் பிரிவது குறைந்தது, மன உளைச்சல் குறைந்தது, துணைவரின் வன்முறையும் குறைந்தது. போக இடமில்லாததால்தான் பலர் அடிப்பவனிடமே திரும்பிப் போகிறார்கள் என்பதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. செலவு கூடிய இடைக்கால விடுதியோ பெரும்பாலான அளவுகோல்களில் வழக்கமான ஏற்பாட்டைவிட மேலாக இல்லை.

இதே ஆய்வில் நமக்குப் பிடிக்காத ஒரு முடிவும் உண்டு. வாடகை உதவி பெற்றவர்கள், குறைந்தபட்சம் முதல் கட்டத்தில், வேலைக்குப் போவது கொஞ்சம் குறைந்தது. வீடு இருந்தால் வேலை தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வீடு வேலையைக் கொண்டுவராது. வீடு இல்லாவிட்டால் வேலை நிலைக்காது, அவ்வளவுதான். வேலைக்கான ஏற்பாட்டைத் தனியாகச் செய்தாக வேண்டும்.

அப்படியானால் விடுதியே வேண்டாமா? வேண்டும், ஆனால் வாரக்கணக்கில் தங்குவதற்கு. அடிதாங்காமல் இரவோடு இரவாகக் கிளம்பி வருபவளுக்கும், பிரசவமாகிச் சில நாளே ஆன, துணைக்கு ஆளில்லாதவளுக்கும் உடனடியாக ஒரு பாதுகாப்பான அறை வேண்டும். பதினெட்டு நிரம்பாத தாயின் விஷயம் தனி. பெரும்பாலான நாடுகளில் அவளால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கைப்படி அவளே ஒரு குழந்தைதான். அங்கே நீங்கள் காப்பது இரண்டு குழந்தைகளை. அந்த வயதினரைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரையும் குழந்தைகள் நலத் துறையையும் கலந்துகொள்ளுங்கள். நல்லெண்ணம் மட்டும் இருந்தால் அங்கே போதாது.

இனி வாடகை வீடு. கட்டடத்துக்கு வைத்திருக்கும் பணத்தை முன்பணத்துக்கும் வாடகைப் பங்குக்கும் திருப்புங்கள். உரிமையாளர்கள் தயங்குவதற்கு ஒழுக்கத்தைக் காரணம் சொல்வார்கள். பேசிப் பார்த்தால் பாதிப் பேருக்கு அடியில் இருப்பது பணப் பயம்தான். வாடகை நின்றுபோனால் யாரைக் கேட்பது? சுவரை உடைத்தால் யார் சரிசெய்வது? இதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். சில மாத வாடகை பாக்கிக்கும் சேதத்துக்கும் எழுத்தில் உத்தரவாதம் கொடுங்கள். பிரச்சினை என்றால் அழைக்க ஓர் எண் கொடுங்கள், அழைத்தால் எடுங்கள். முதல் இரண்டு மூன்று உரிமையாளர்களைப் பிடிப்பது கஷ்டம். அவர்களுக்கு நேரத்துக்கு வாடகை போய்ச் சேர்ந்தால் அடுத்த வீட்டை அவர்களே சொல்வார்கள்.

ஒப்பந்தம் அவள் பெயரில் இருக்கட்டும். உரிமையாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தற்காலிகமாக அறக்கட்டளை பெயரில் எடுத்து, எந்தத் தேதியில் அவள் பெயருக்கு மாறும் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை, அரசு உதவி, வேலை விண்ணப்பம் என எல்லாமே முகவரிச் சான்று கேட்கும். அதைவிட முக்கியம், உங்களுக்கும் அவளுக்கும் ஒத்துவராமல் போனாலும் அவளுடைய வீடு அவளிடமே இருக்கும். உதவுகிறவரே வீட்டுக்காரராகவும் இருந்தால் அவளால் உங்களிடம் ‘இல்லை, இது எனக்குச் சரிப்படாது’ என்று சொல்ல முடியுமா?

வருமானத்தில் முப்பது சதவீதத்துக்குள் வாடகை இருக்க வேண்டும் என்று ஒரு பொது விதி புழக்கத்தில் உண்டு. நல்ல விதிதான், ஆனால் மிகக் குறைந்த சம்பளத்தில் முப்பதுகூட அதிகம். வாடகை போக மிஞ்சுவதில் அவளும் குழந்தையும் ஒரு மாதம் ஓட்ட முடியுமா என்று கணக்குப் பாருங்கள். உங்கள் பங்கைக் குறைப்பதையும் படிப்படியாகச் செய்யுங்கள். ‘வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து வாடகை உன் பொறுப்பு’ என்றால் வேலைக்குப் போனதே அவளுக்குத் தண்டனையாகிவிடும். சம்பளம் 100 கூடினால் அவளுடைய வாடகைப் பங்கு 30 கூடட்டும், மீதி 70 அவள் கையில் நிற்கட்டும். அரசு உதவிகளிலும் இதே பள்ளம் இருக்கிறது. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியதும் உதவி மொத்தமாக நின்று, வேலைக்குப் போகும் முன்பு இருந்ததைவிடக் கையில் குறைவாக வரும் மாதங்கள் உண்டு. வேலையில் சேர்வதற்கு முன்பே அவளோடு உட்கார்ந்து, எந்த உதவி எந்தச் சம்பளத்தில் நிற்கும் என்று தாளில் எழுதிப் பாருங்கள்.

எந்த இடத்தில் வீடு பார்ப்பது என்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். வாடகை மலிவு என்று ஊருக்கு வெளியே பார்ப்பார்கள். வீடு, குழந்தைக் காப்பகம், வேலையிடம் மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் போட்டுப் பாருங்கள். அதைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் இடுப்பில் குழந்தையோடு சுற்றி வரவேண்டும். ஒரு பேருந்து தவறினால் எல்லாமே தாமதம். மிச்சம் பிடித்த வாடகை பயணச் செலவிலும் தாமதத்துக்குப் பிடித்த சம்பளத்திலும் போய்விடும். அவளுக்கு நம்பகமான தோழியோ அக்காவோ இருந்தால், அவர்கள் இருக்கும் பக்கமே வீடு பார்ப்பது நல்லது. அடிக்கும் துணைவரிடமிருந்து தப்பி வந்தவள் என்றால் இது தலைகீழ். பழைய வட்டாரத்திலிருந்து தள்ளித்தான் பார்க்க வேண்டும், முகவரி யாருக்கும் கசியக் கூடாது, கைபேசியின் இருப்பிடப் பகிர்வு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும்.

உங்கள் திட்டத்தில் ஒரு சொல்கூட இல்லாத விஷயம் குழந்தைப் பராமரிப்பு. வீட்டையும் வேலையையும் இணைக்கிற ஆணி அதுதான். கென்யாவின் நைரோபியில் உள்ள கொரோகோச்சோ குடிசைப் பகுதியில், தாய்மாருக்குக் குழந்தைக் காப்பகக் கட்டணத்துக்கான சீட்டு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. திருமணமானவர்களில் வேலைக்குப் போவோர் கூடினார்கள். தனித்தாய்மாரோ, பெரிதாக வருமானம் குறையாமலே, ஒழுங்கான நேரமுள்ள வேலைக்கு மாறினார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். தனியாக இருப்பவள் எப்படியும் ஏற்கெனவே உழைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். குழந்தையை வைத்துக்கொண்டு எது முடியுமோ, எந்த நேரத்தில் முடியுமோ அதைச் செய்கிறாள். அவளிடம் இல்லாதது உழைக்கும் மனம் அல்ல, வேலையைத் தேர்ந்தெடுக்கும் வசதி. உகாண்டாவில் நடந்த இன்னொரு பரிசோதனையிலும் காப்பகக் கட்டண உதவி தனித்தாய்மாரின் வருமானத்தைக் கூட்டியது.

காப்பகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று கேளுங்கள். ஆறு மணிக்குத் தொடங்கும் வேலைக்கு எட்டு மணிக்குத் திறக்கும் காப்பகத்தால் என்ன பயன்? அப்புறம் காய்ச்சல். சின்னக் குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்த்த முதல் சில மாதங்களில் அடிக்கடி சளியும் காய்ச்சலும் வரும், வந்தால் காப்பகத்தில் எடுக்க மாட்டார்கள். அதே மாதங்கள்தான் தாய்க்கு வேலையில் தகுதிகாண் காலம். மூன்று நாள் விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும். இதனால் வேலை இழப்பவர்களை ‘பொறுப்பில்லாதவர்கள்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாளில் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள, குழந்தைக்கு முன்பே முகம் பழகிய, சம்பளம் கொடுத்து வைத்த ஒருவர் வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் வீண் செலவு போலத் தெரியும். என்னைக் கேட்டால், பயிற்சிக் கூடத்துக்கு முன்னால் இதற்குத்தான் பணம் ஒதுக்குவேன்.

கைக்குழந்தை வைத்திருப்பவளை வேலைக்குப் போ என்று நெருக்கவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மாதங்கள் ஆவணங்களைச் சேர்க்க, உடம்பு தேற, பாதியில் விட்ட படிப்பைப் பற்றி யோசிக்க உதவட்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தாயின் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஒன்று இல்லாமல்தான் பலர் வருவார்கள். ஜீவனாம்சம் கேட்பதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவு. சட்டப்படி குழந்தைக்கு உரிமை இருக்கிறது என்பதையும், வழக்கு போட்டால் அந்த ஆள் மறுபடி அவள் வாழ்க்கைக்குள் வருவான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இப்போது தையலுக்கும் கணினிக்கும் வருகிறேன். இந்த இரண்டும் ஏன் எல்லாத் திட்டத்திலும் இருக்கின்றன? கற்றுக்கொடுப்பது சுலபம், இயந்திரம் வாங்கி வைத்துப் புகைப்படம் எடுப்பதும் சுலபம். அந்த ஊரில் யார், எத்தனை பேரை, என்ன சம்பளத்துக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டு வந்த முடிவாக அது இருப்பது அரிது. அமெரிக்காவில் 1989இல் தொடங்கிய ‘நியூ சான்ஸ்’ திட்டம் உங்களுக்கு மிக நெருக்கமான முன்னுதாரணம். படிப்பைப் பாதியில் விட்டு, அரசு உதவியில் இருந்த 16 முதல் 22 வயதுத் தாய்மார். கல்வி, தொழில் பயிற்சி, குழந்தை வளர்ப்பு வகுப்பு, காப்பகம், ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். நாற்பத்திரண்டு மாதம் கழித்து அளந்தபோது, பள்ளிப் படிப்புக்கு இணையான சான்றிதழ் பெற்றவர்கள் கூடியிருந்தார்கள். வேலையும் வருமானமும் அப்படிக் கூடவில்லை. சான்றிதழை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அது தாள்தான்.

பலன் தந்த வழி எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கியது. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் 1992இல் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் குவெஸ்ட்’, முதலில் எந்தத் துறையில் நிலையான வேலைகள் இருக்கின்றன என்று பார்த்தது. மருத்துவத் துறையில் இருந்தன. செவிலியர் போன்ற படிப்புகளில் சேர்த்து, கட்டணத்தில் உதவி, பயணத்துக்கும் காப்பகத்துக்கும் உதவி, வாரம் ஒரு முறை ஆலோசகரோடு சந்திப்பு என்று கடைசிவரை கூடவே நின்றார்கள். ஒன்பதாம் வருடத்திலும் இவர்களுடைய வருமானம் மற்றவர்களைவிடக் கணிசமாகக் கூடியிருந்தது குலுக்கல் முறை ஆய்வில் தெரிந்தது. காலம் பிடிக்கும். ஆறு வாரப் பயிற்சி ஆறு வாரப் பயிற்சிக்கான சம்பளத்தைத்தான் தரும்.

ஆகவே பயிற்சி எதுவாக இருந்தாலும், வேலை கொடுப்பவர்கள் சிலரிடம் முதலில் பேசுங்கள். யாரை எடுப்பீர்கள், பணி நேரம் என்ன, இரவுப் பணி கட்டாயமா, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் பணி நேரத்தை மாற்றிக்கொள்ள விடுவீர்களா? வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வரும்வரை உள்ள நாட்களுக்கு ஒரு தொகை கையில் கொடுங்கள். பயணம், காப்பக முன்கட்டணம், சீருடை என்று செலவெல்லாம் சம்பளத்துக்கு முன்னால்தான் வரும். கந்துவட்டிக்காரரிடம் போவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

சுயதொழில் எல்லோருக்கும் பொருந்தாது. வீட்டிலிருந்தே செய்யும் துண்டு வேலையை ‘குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாமே’ என்று சிபாரிசு செய்வார்கள். ஒரு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு செய்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சம்பள வேலையே இல்லாத ஊர்களில் அதுதான் வழி என்றால், பங்களாதேஷின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002இல் தொடங்கிய முறையைப் பின்பற்றலாம். கால்நடை போல ஒரு சொத்து, அது வருமானம் தரும்வரை சாப்பாட்டுக்குப் பணம், பயிற்சி, சேமிப்பு, மருத்துவ உதவி, தவறாமல் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒருவர் எனச் சுமார் இரண்டு வருடம். ஆறு நாடுகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். உதவி நின்று ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் பலன் நின்றது. ஹோண்டுராஸில் மட்டும் சறுக்கல், கொடுத்த கோழிகள் நோய் வந்து செத்துப்போயின. எனவே சொத்து எது என்பதை உள்ளூர் நிலவரம் தெரிந்தவரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள், அது செத்தாலோ உடைந்தாலோ என்ன செய்வது என்பதையும் சேர்த்து.

இவ்வளவையும் இணைப்பது ஒரு மனிதர். ஒரு பெண்ணுக்கு ஒரே பணியாளர், அடிக்கடி மாறாதவர். அவர் கையில் பதினைந்து குடும்பத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா ஊரில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வில், ஒரு செவிலியர் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை வீட்டுக்கு வந்து போனார். பதினைந்து வருடம் கழித்தும், மணமாகாத ஏழைத் தாய்மாரிடம் வித்தியாசம் தெரிந்தது. அடுத்த குழந்தை தள்ளிப்போயிருந்தது, அரசு உதவியில் இருந்த மாதங்கள் குறைந்திருந்தன. இப்படி வந்து போகிறவர் குழந்தையின் அப்பா யார், ஏன் பிரிந்தாய் என்று தோண்டக் கூடாது. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

நன்கொடையாளர்களுக்குக் காட்ட முகத்தோடு படம் எடுக்காதீர்கள். நாளை அந்தக் குழந்தை வளர்ந்து அதைப் பார்க்கும், தேடிக்கொண்டிருக்கும் முன்னாள் துணைவர் இன்றே பார்ப்பார். ‘எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம்’ என்ற எண்ணிக்கையை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் அதே வீட்டில் அல்லது அவர்களே தேர்ந்தெடுத்த வேறு வீட்டில் இருக்கிறார்கள், எத்தனை மாதம் சம்பளம் வந்தது, குழந்தை தாயிடம் இருக்கிறதா என்று போடுங்கள். அந்த எண்கள் சின்னதாக இருக்கும்.

முதல் வருடம் நான்கைந்து குடும்பங்களுக்கு மேல் எடுக்காதீர்கள், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும். அவர்களில் ஒருவர் மூன்றாவது மாதம் வாடகை கட்டாமல் தொலைபேசியையும் எடுக்க மாட்டார், அது நிச்சயம் நடக்கும். அப்போது உத்தரவாதப் பணத்திலிருந்து உரிமையாளருக்கு அன்றே கட்டிவிடுங்கள், அவளிடம் மறுநாள் போங்கள். போனதும் வாடகையைக் கேட்காமல், குழந்தை எப்படி இருக்கிறது, வேலையில் என்ன ஆச்சு என்று கேளுங்கள். பெரும்பாலும் காய்ச்சலோ, குறைக்கப்பட்ட வேலை நேரமோ, திரும்பி வந்த பழைய ஆளோ காரணமாக இருக்கும். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. பாக்கியைச் சிறு சிறு தவணையாக எழுதி, எவ்வளவு என்பதை அவளையே சொல்லச் சொல்லி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.